மாதம்தோறும் உதிரும் சவ்வில் மறைந்திருந்த விதை!

கத்தி பட்டால் தழும்பு விழும். நெருப்பு சுட்டால் தழும்பு விழும்.

ஆனால், பெண்ணின் உடம்பில் ஓர் இடம் மாதம்தோறும் கிழிகிறது, மாதம்தோறும் ஆறுகிறது. தழும்பே விழுவதில்லை!

அது எந்த இடம்?

கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வுதான்!

கருவுக்கு மெத்தை

கரு வந்து தங்குவதற்காக இந்தச் சவ்வு மெத்தை போல வளர்கிறது. கரு தங்காவிட்டால், மேல்பகுதி உதிர்ந்து விடுகிறது. அதுதான் மாதவிலக்கு.

அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சில நாட்களில் புதிய சவ்வு வளர்ந்து விடும். அதன் கனம் 5 முதல் 7 மில்லி மீட்டர் வரை இருக்கும். ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறக்குறைய 400 தடவை இப்படி நடக்கிறது.

வெட்ட வெட்ட வாழை தழைக்கிறது. காரணம், மண்ணுக்கு அடியில் கிழங்கு இருக்கிறது. சவ்வுக்கும் அப்படி ஒரு கிழங்கு உண்டா?

கண்டுபிடித்த பெண்மணி

"உண்டு" என்று 2004-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினார், ஒரு பெண் விஞ்ஞானி. அவர் பெயர் கரோலின் கார்கெட். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் ஆராய்ச்சி செய்தவர்.

அவரும் அவருடைய குழுவினரும், ஆபரேஷனில் எடுத்த சவ்வை வாங்கினார்கள். அதைச் செல் செல்லாகப் பிரித்து வளர்த்தார்கள். பெரும்பாலான செல்கள் பெருகவில்லை. சவ்வின் இணைப்புத் திசுவில் 100-க்கு ஒன்று போலச் சில செல்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகின!

இவைதான் "ஸ்டெம் செல்" எனப்படும் மூலச் செல்கள். தாமும் பெருகும், வேறு வகைச் செல்களாகவும் மாறும். விதை மாதிரி!

இவை இரத்தக் குழாய்களை ஒட்டி இருப்பதும் பிறகு தெரிய வந்தது.

வெளியே சொல்லாத வேதனை

இதனால் யாருக்கு என்ன பயன்?

பிரசவத்தில் அடிவயிற்றுத் தசையும் நாரும் கிழிந்து தளர்வது உண்டு. சில ஆண்டுகள் கழித்துக் கர்ப்பப்பை கீழே இறங்கும். உட்கார முடியாது, சிறுநீர் அடங்காது. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் துன்பப்படும் தாய்மார்கள் எத்தனையோ பேர்!

இதற்குப் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தார்கள். பல பெண்களுக்கு அந்த வலையே வினையாகி விட்டது. வலை சதையை அறுத்தது. தீராத வலி வந்தது.

இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளை, 2017-ம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியா விலக்கியது. 2018-ல் அந்நாட்டுச் சுகாதார மந்திரி கிரெக் ஹண்ட், அரசாங்கத்தின் சார்பில் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2019-ல் அமெரிக்காவும் அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தியது.

வலைக்கு மாற்று என்ன?

மெல்லிய, உடம்போடு ஒத்துப் போகும் வலையில் இந்த ஸ்டெம் செல்களைப் பதித்து வைப்பது கார்கெட் குழுவினரின் வழி. எலியிலும் செம்மறி ஆட்டிலும் சோதித்தார்கள். வலையை எதிர்த்து உடம்பு காட்டும் சீற்றம் தணிந்தது. புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்தன.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. எலும்பு மஜ்ஜையில் செல் எடுப்பது வலி மிகுந்தது. இந்தச் சவ்வில் சிறு துணுக்கை, மயக்க மருந்து இல்லாமலே எடுக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களிடமும், சில நாள் ஹார்மோன் மருந்து கொடுத்து எடுக்கலாம்.

ஏமாற வேண்டாம்!

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. ஆட்டுக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லி விட முடியாது. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. "ஸ்டெம் செல்லில் எல்லா நோயும் தீரும்" என்று யாராவது பணம் கேட்டால், நம்பி விடாதீர்கள்.

கர்ப்பப்பை இறங்கியிருந்தால், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தசைப் பயிற்சியே பலருக்குக் குணம் தருகிறது. தாங்கிப் பிடிக்கும் வளையமும் இருக்கிறது.

தீட்டு என்று ஒதுக்கி வைத்த சவ்வு இது. தாயின் காயத்தை ஆற்றும் மருந்து, நாளை அதிலிருந்தே வரலாம்!