வாசித்தபின் கையொப்பமிடுங்கள்



ஹைதராபாத்தில் குடியேறிய நம்மவர்களை அடிக்கடி நோட்டரியிடம் அனுப்புவது பெயர்க் குழப்பமே. நம் பெயருக்கு முன் தகப்பனாரின் முதலெழுத்து நிற்கும். தெலுங்கு மக்களுக்கோ வீட்டுப்பெயர் உண்டு. ஆகவே பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், வங்கிக் கணக்கில் வேறுவிதமாகவும் நம் பெயர் பதிவாகிவிடுகிறது. "இருவரும் ஒருவரே என்று அபிடவிட் கொண்டுவாருங்கள்" என்கிறார்கள். அநேகர் தட்டச்சர் அடித்துக் கொடுத்த ஆங்கிலத் தாளை வாசியாமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

அபிடவிட் எனப்படும் பிரமாணப் பத்திரம் வெறும் விண்ணப்பம் அன்று. நோட்டரி போன்ற அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னிலையில், "இவை உண்மை" என்று நீங்கள் உறுதிகூறி எழுதித்தரும் சாட்சி அது.

சத்தியம் பண்ணலாகாது என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் நிமித்தம் மனச்சாட்சியில் கலங்குகிற விசுவாசிகள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டப்படி, கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக, 'மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்' என்று சொல்லலாம். இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே. எது வேண்டுமென்று தட்டச்சரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

எழுதும் முறையைக் கவனியுங்கள். முதலில் உங்கள் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், விலாசம். அதன்பின் செய்திகளை எண்ணிட்ட பத்திகளாக, ஒரு பத்திக்கு ஒரு செய்தி என்று எழுதுங்கள். பெயர்க் குழப்பமானால், எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் உள்ளதென்று எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுங்கள். நீங்கள் நேரில் அறிந்தது எது, பிறர் சொல்லி நம்புவது எது என்று பிரித்துக் காட்டுவது நீதிமன்றப் பத்திரங்களில் மிக அவசியம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் கட்டளை இதைப் பற்றியதே.

இது சிறு காரியமல்ல. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஏ.கே.கே. நம்பியார் தம் பணியிடை நீக்கத்தை எதிர்த்து வழக்காடினார். அவ்வழக்கில் தாக்கலான பிரமாணப் பத்திரங்கள் முறையாகச் சரிபார்த்து உறுதிசெய்யப்படாததால் சாட்சியமாக ஏற்கத்தக்கவை அல்ல என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. உயர் அதிகாரிக்கே இப்படியானால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்!

அறிந்தே பொய் எழுதுவதோ குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சி அளிப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை, மற்ற இடங்களில் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். "தட்டச்சர்தான் அப்படி எழுதினார்" என்று பழியை அவர்மேல் போட்டுத் தப்புவது எளிதன்று, கையொப்பம் உங்களுடையது.

ஆகவே வெற்றுத் தாளில் ஒருக்காலும் கையெழுத்திடாதிருங்கள். ஆங்கிலமோ தெலுங்கோ அறியாவிட்டால், நம்பத்தக்க ஒருவரைக்கொண்டு தமிழில் வாசித்துக் கேளுங்கள். அவ்வாறு விளக்கிச் சொல்லப்பட்டதென்ற குறிப்பையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்தம் இருந்தால் அதனருகே சுருக்கொப்பமிடுங்கள். நோட்டரியின் முன்பு நேரில் நின்று கையெழுத்திட்டு, அவருடைய பதிவேட்டிலும் முறைப்படி பதியச் செய்யுங்கள். நகல் ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

உள்ளதை உள்ளதென்று சொல்லப் பழகியவருக்கு இந்தத் தாள் பயமுறுத்தும் ஒன்றல்ல. வாசியுங்கள், விளங்கிக்கொள்ளுங்கள், பின்பு கையொப்பமிடுங்கள்.