கிளாப்பர் சத்தத்தை நம்பிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கலாமா?



நம் குமரி மாவட்டத்தில் அண்மையில் நடந்த பள்ளித் தடகளப் போட்டி ஒன்றில், மாணவியர் 100 மீட்டர் ஹீட்ஸ் முடிந்ததும் இறுதிச் சுற்றின் கடைசி இடத்தை நேரத்தை வைத்து முடிவு செய்தார்கள். ஒரு பிள்ளைக்கு 13.41 நொடி, வேறொரு ஹீட்டில் ஓடிய பிள்ளைக்கு 13.44 என்று தாளில் இருந்தது. 13.44 எடுத்த பிள்ளை வெளியே. இரண்டுமே ஸ்டாப் வாட்சில் கையால் எடுத்த நேரங்கள். கையால் எடுத்த நேரத்தை நூறில் ஒரு பங்கு வரை எழுதக் கூடாது, அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தியே எழுத வேண்டும் என்பது சர்வதேச விதி. அதன்படி இருவருக்கும் 13.5. இல்லாத வித்தியாசத்தைக் காட்டி ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

வெயிலில் நாள் முழுக்க நின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் கொடுத்ததை வைத்துத்தான் அவர்கள் போட்டி நடத்த முடியும். ஓட்டத்தைத் தொடங்கப் பலகைகளைத் தட்டி ஓசை எழுப்பும் ஒரு கிளாப்பர், முடிவுக் கோட்டில் சில ஸ்டாப் வாட்சுகள், அவ்வளவுதான் கொடுக்கப்படுகிறது.

கிளாப்பர் சத்தம் 100 மீட்டர் தாண்டி முடிவுக் கோட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ 0.29 நொடி பிடிக்கும். ஆகவே நேரம் பார்ப்பவர் சத்தத்துக்குக் காத்திருக்காமல், பலகைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும். துப்பாக்கி என்றால் புகையைப் பார்க்க வேண்டும். நடப்பது என்ன? ஒருவர் பார்த்து அழுத்துகிறார், பக்கத்தில் நிற்பவர் கேட்டு அழுத்துகிறார். 13 நொடியில் ஓடும் பிள்ளைக்கு அந்த 0.29 நொடி இரண்டு மீட்டருக்கும் அதிகமான தூரம். ஒரே ஓட்டத்துக்கு மூன்று கடிகாரம் வைத்து, மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். இரண்டுதான் இருந்தால் கூடுதல் நேரத்தை எடுக்க வேண்டும். லேனுக்கு ஒரு கடிகாரமே கிடைக்காத மைதானத்தில் இந்த விதியை யார் காப்பாற்றுவது?

போதாததற்கு நம் ஊர்க் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆடிக் காற்று கிளாப்பர் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100, 200 மீட்டரில் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. இங்கே காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைக் கண்ணால் கண்ட பிள்ளைகளே குறைவு. சத்தத்தின் தாமதம் ஓடுபவரையும் பாதிக்கும். 400 மீட்டரில் எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிற்கிறார். ஸ்டார்ட்டர் முதல் லேன் பக்கம் நின்று தட்டினால் அவருக்குச் சத்தமே பத்தில் ஒரு நொடிக்கு மேல் தாமதமாகத்தான் போகும்.

கை நேரமும் மின்னணு நேரமும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங்கின் கை நேரம் 45.6. மின்னணு நேரம் 45.73. 1998-இல் கொல்கத்தாவில் பரம்ஜித் சிங் மின்னணு முறையில் 45.70 ஓடியபோது, மில்காவின் சாதனை முறிந்ததா இல்லையா என்று சர்ச்சை எழுந்தது. 400 மீட்டரில் கை நேரத்தோடு 0.14 நொடியும், 100, 200 மீட்டரில் 0.24 நொடியும் கூட்டிய பிறகே மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டும். 1977 முதல் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் கை நேரத்தை உலக சாதனையாக ஏற்பதே இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனை 55.41. அங்கே கை நேரம் மட்டும் இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே எண்தான் வந்திருக்கும்.

இன்று மின்னணு நேரம் எடுக்க மைதானத்தைத் தோண்டிக் கேபிள் பதிக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரின் கையிலுள்ள கருவியில் ஒரு சென்சார், அதிலிருந்து ரேடியோ அலை அனுப்பும் சிறு பெட்டி, முடிவுக் கோட்டில் போட்டோ பினிஷ் கேமராவோடு இணைந்த ரிசீவர். ரேடியோ அலைக்கு 100 மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கேமரா முடிவுக் கோட்டை மட்டும் இடைவிடாமல் படம்பிடித்து, யாருடைய உடற்பகுதி எப்போது கோட்டைத் தொட்டது என்று காட்டும். தலையோ கையோ காலோ கணக்கில் வராது. ஒவ்வொரு லேனின் பின்னாலும் ஒலிபெருக்கி வைத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்கும். 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளத்தையே சென்னை நேரு விளையாட்டரங்கில் நடத்திக் காட்டிய மாநிலம் இது. நாகர்கோவில் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கிளாப்பர்?

கருவியை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். போட்டி தொடங்குமுன் கேமராவை ஸ்டார்ட்டர் பக்கம் திருப்பி ஒருமுறை வெடித்துப் பார்த்து, கடிகாரம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஓடத் தொடங்குகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். ரிசீவருக்கு முன்னால் கூட்டம் நிற்கக் கூடாது. பேட்டரிக்கு மாற்று பேட்டரி, அலை கிடைக்காவிட்டால் இணைக்க ஒரு கேபிள் சுருள், அதுவும் போனால் கைகொடுக்க மூன்று கடிகாரக்காரர்கள் வேண்டும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்களாக மாவட்டத்தில் சில உடற்கல்வி ஆசிரியர்களுக்காவது பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாத கையில் வயர்லெஸ் கருவி, தவறான நேரத்துக்கு மின்னணு முத்திரை குத்தித் தந்துவிடும். அது கிளாப்பரைவிட மோசம்.

நேரம் எழுதிய இந்த மாவட்டப் போட்டித் தாள்களை வைத்துத்தான் மாநிலப் போட்டிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டை நோக்கிய பாதையும் இங்கேதான் தொடங்குகிறது. விடியுமுன் பஸ் ஏறி வரும் கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கும் மலையோரப் பிள்ளைக்கும் தாங்கள் ஓடிய நேரம் சரியாக எழுதப்படுவது உரிமை.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு செட் கருவியும் அதை இயக்கும் குழுவும் ஏற்பாடு செய்து, அடுத்த வருவாய் மாவட்டப் போட்டியிலேயே பயன்படுத்த வேண்டும். அதுவரை கையால் எடுத்த நேரத்தை விதிப்படி பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி, ‘கை நேரம்’ என்று குறித்தே எழுத வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தக்கலை.