ஆளுக்கொரு மூட்டை

2018ம் வருஷம் நவம்பர் 16ந் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் ஜில்லாவிலுள்ள கொடைக்கானலையும் தாக்கிற்று. மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. சமுத்திரத்துக்கு வெகு தூரத்தில், சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள ஊருக்குப் புயல் பயமில்லை என்ற எண்ணம் அன்றே ஒழிந்திருக்க வேண்டும்.

வத்தலக்குண்டுப் பாதையும் பழனிப் பாதையும் அடைபட்டால், சர்க்கார் உதவி எவ்வளவு மனமிருந்தும் உடனே வந்து சேராது. முதல் 3 நாட்களைக் குடும்பத்தாரே சமாளித்தாக வேண்டும்.

ஆகையால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வீட்டில் ஆளுக்கொரு மூட்டை சித்தமாயிருத்தல் அவசியம். அவல், பொரிகடலை, வெல்லம், குடிநீர், கம்பளி, டார்ச் விளக்கு, நனையாத உறையில் தீப்பெட்டி, ரேஷன் கார்டு நகல் ஆகியவை யாவருக்கும் பொது. முதியவருக்கு அன்றாட மருந்தும், குழந்தைக்குப் பால் பவுடரும், பெயரும் விலாசமும் எழுதிய சீட்டும் வேண்டும். செல்போன் அணைந்துவிடுமாதலால், உறவினர் எண்களைக் காகிதத்தில் எழுதி வைப்பது நலம்.

ஆனால், அன்றன்றைய கூலியில் ஜீவிக்கும் தோட்டத் தொழிலாளி 3 நாள் ஆகாரத்தை எங்ஙனம் ஒதுக்கி வைப்பான்? அவனுக்கு உபதேசம் மட்டும் போதாது. மழைக்கு முன்பே ரேஷன் கடை மூலம் அம்மூட்டையை அளிப்பது சர்க்காரின் கடமை. பாதை திறந்த பின் வரும் லாரி நிறைந்த நிவாரணத்தைவிட, முன்கூட்டியே வீட்டிலிருக்கும் ஒரு மூட்டை மேலானது என்பதை அதிகாரிகள் உணர வேண்டுமென வற்புறுத்துகிறோம்.