வேதாகமமும் நன்றியறிதலும்

பிற சமயத்தார் போற்றும் மறைநூல் தம் மொழியில் வந்தமைக்கு, அச்சமயத்தைத் தழுவாத தமிழர் நன்றி பாராட்டுதல் தகுமோ? திருகோணமலையில் இவ்வினா ஏனைய ஊர்களினும் கூர்மையுடையது. கடலை நோக்கி நிற்கும் கோணமாமலையிலே கோணேசர் கோயில் கொண்டுள்ளார். அம்மலைச் சாரலிலுள்ள கோட்டையிலோ, 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் கற்கள் கிடக்கின்றன. பீரங்கி வந்த கடல்வழியே புத்தகமும் வந்தது. ஆதலின், "யாருக்கு நன்றி?" என்று சைவ அன்பர் வினவின், அவ்வினாவை இகழ்தல் முறையன்று.

ஆயினும், கோயிலை இடித்த கை வேறு. நூலை எழுதிய கை வேறு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759இல் அந்நகரிலேயே அச்சாயிற்று. அஃது ஒல்லாந்தர் ஆட்சியின் நிழலில் வெளிவந்தது என்பது மெய்யே. ஆட்சி அகன்றது, மொழிக்கு உழைத்த உழைப்பு நின்றது. செய்யுளே நூலெனக் கருதப்பட்ட காலத்தில், படிப்பறியாதாரும் கேட்டுணரத்தக்க உரைநடையை நாடி இம்மொழிபெயர்ப்பாளர் இடர்ப்பட்டனர். அவர் நடையிற் குறை பல உண்டு. முயற்சியிற் குறை இல்லை.

இனி, கடன் ஒருபாற்பட்டதும் அன்று. சைவர் தம் முதல்நூல்களை வேதம் என்றும் ஆகமம் என்றும் வழங்குவர். அவ்விரு சொற்களும் கூடியே 'வேதாகமம்' என்னும் பெயர் கிறித்தவ மறைக்கு அமைந்தது. இறைவனைக் குறிக்கச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார்; பப்பிரிசியுசு 'பராபரன்' என்றார்; 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்புத் 'தேவன்' என்றது. இவை யாவும் ஏற்கெனவே நம்மிடை வழங்கிய சொற்களே. ஆதலின், நூலைப் பெற்ற நாம் நன்றி சொல்வது போலவே, சொல்லைப் பெற்ற திருச்சபையும் நன்றி சொல்லக் கடமைப்பட்டதன்றோ?

இதற்குச் சான்றாக நிற்பவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணையாயிருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தார். அது 1850இல் வெளிவந்தது. அந்நூல் தம் சமயத்ததன்று என்று தமிழைக் குறைத்துக் கொடுத்தாரல்லர். கொடுத்தமையால் தம் சமயத்தை விட்டாரும் அல்லர். மிசனரிமார் கையாண்ட பள்ளியையும் அச்சுப்பொறியையும் சைவத்துக்குக் கருவியாக்கினார். 1852இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். எதிர்த்து நின்றவரிடத்தும் கற்கத்தக்கதைக் கற்றல் அவர் காட்டிய நெறி.

நம் கல்விக்கூடங்களிலோ, கிறித்தவ மாணவர் பலர் நாவலரின் பங்கை அறியார். சைவ மாணவர் பலர் தெ மெல்லோவின் பெயரையும் கேட்டிலர். நன்றி மறத்தல் அறியாமையாகவே தொடங்குகிறது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அங்கே சமயம் பார்த்து நன்றி பாராட்டுமாறு சொன்னாரில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உரைநடை வரலாறு கற்பிக்கும்போது, 1850ஆம் ஆண்டு வேதாகமத்தில் ஒரு பகுதியையும், 1852ஆம் ஆண்டுப் பெரியபுராண வசனத்தில் ஒரு பகுதியையும் அருகருகே வைத்து மாணவரை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். எச்சமயத்துப் பிள்ளையாயினும் இரண்டையும் படிக்கட்டும். இரண்டிலும் ஒரே தமிழ் உழைத்திருத்தலை அப்பிள்ளைகளின் செவியே அறியும்.