திருவிழாவில் வாங்கிய புல்லாங்குழல்



தில்லியில் குளிர் இறங்கிவிட்டது. காலை 10 மணிக்கும் எதிர் வரிசை வீடுகள் பனியில் தெரிவதில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களை ரஜாய்க்குள் உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு கடிதத்தை மட்டும் நாலைந்து முறை படித்தேன். எழுதியவர் ஒரு தாய். அவர் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை.

டெல்டாவில் கொஞ்சம் நிலம், இரண்டு பையன்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் ராத்திரிதான் மோட்டார் போட வேண்டும். இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு முறை சின்னவனுடையது. பக்கத்து ஊரில் திருவிழா. "நீ போயிட்டு வாடா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்ததே பெரியவன்தான். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவன் மோட்டார் கொட்டகையிலேயே விழுந்துவிட்டான். விடியற்காலையில் சின்னவன் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். அவன் கையில் ஒரு மூங்கில் புல்லாங்குழல். திருவிழாக் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கியது.

இப்போது தாயும் மகனும் தில்லியில், மாமா வீட்டில் இருக்கிறார்கள். பையன் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். யாரிடமும் பேசுவதில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் குழலை ஊதுகிறானாம். 'தலைத்திவசம்கூட ஆகவில்லை, துக்க வீட்டில் என்ன சங்கீதம்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மாவுக்கோ அந்தக் குழலைப் பார்த்தாலே அடிவயிறு கலங்குகிறது. பிடுங்கி ஒளித்து வைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

பிடுங்காதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவன் வேறொரு விவசாயி வீட்டுப் பையன். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் டையஸ் என்று ஓர் ஊர். 1930-களின் பெருமந்தத்தில் நொடித்துப்போன குடும்பங்களுக்காக அரசாங்கம் உண்டாக்கிய குடியேற்றம். 1935-இல் ரே கேஷ் என்பவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே வந்து சேர்ந்தார். 20 ஏக்கர் நிலம், ஐந்து அறை வீடு, பருத்தி விவசாயம். ஜே.ஆர். என்று கூப்பிடப்பட்ட மகன் 5 வயதிலேயே பருத்திக் காட்டில் இறங்கியவன். அவனுக்கு எல்லாமே அண்ணன் ஜாக்தான். பைபிளும் கையுமாக இருந்த ஜாக், பெரியவனானதும் போதகராவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன்.

1944 மே மாதம், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடப் பட்டறையில் வேலிக் கம்பம் அறுத்தால் 3 டாலர் கூலி கிடைக்கும். ஜாக் அதற்குக் கிளம்பினான். 12 வயது தம்பி, வேலைக்குப் போகாதே, என்னோடு மீன் பிடிக்க வா என்று கெஞ்சிப் பார்த்தான். வீட்டுக்குக் காசு வேண்டும் என்று அண்ணன் போய்விட்டான், தம்பி தனியாக மீன் பிடிக்கப் போனான். தூண்டிலோடு அவன் திரும்பி வரும் வழியில் எதிரே ஒரு கார் வந்து நின்றது. உள்ளே அப்பாவும் ஊர்ப் போதகரும். தூண்டிலைப் போட்டுவிட்டு ஏறு என்றார் அப்பா. சுழலும் ரம்பம் ஜாக்கின் வயிற்றைக் கிழித்திருந்தது. ஒரு வாரம் உயிரோடு போராடி, மே 20 அன்று இறந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பம் பருத்திக் காட்டில் நின்றது. கொத்திக்கொண்டிருந்த அம்மா கேரி, நடுக்காட்டில் முழங்கால் மடங்கி விழுந்ததையும் பிறகு எழுந்து அடுத்த சாலுக்குப் போனதையும் மகன் வயதான காலத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் பெரியப்பா இறந்தபோது காரியம் முடிந்த கையோடு நடவு வந்துவிட்டது. மொட்டைத் தலையோடு அண்ணன் சேற்றில் நின்று நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பயிருக்குச் சாவு தெரியாது.

ஜே.ஆரின் வீட்டில் துக்கத்தைப் பேசித் தீர்க்க யாருக்கும் நேரமில்லை, பழக்கமும் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது. பாட்டரி ரேடியோவில் வரும் பாட்டு, கோயில் பாட்டு, காட்டில் வேலைக்கு நடுவே அம்மா எடுத்துக்கொடுக்கும் பாட்டு. கேரி ஊரார் துணியை வெளுத்துச் சேர்த்த காசில் அவனைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார். சில வகுப்புகளிலேயே ஆசிரியை நிறுத்திவிட்டார்; இந்தக் குரலை யாரும் திருத்த விடாதே என்று சொல்லி அனுப்பினார். பையனுக்கு 17 வயதிருக்கும்போது, ஒருநாள் பொழுதெல்லாம் அப்பாவோடு மரம் அறுத்துவிட்டு, பாடிக்கொண்டே கொல்லை வழியாக உள்ளே வந்தான். அடுப்பங்கரையில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, யார் பாடுவது என்று கேட்டாராம். கட்டைக் குரலாகக் கனத்துப்போன தன் பிள்ளையின் தொண்டை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பையன்தான் பின்னாளில் பாடகர் ஜானி கேஷ். 1955-இல் மெம்ஃபிஸில் முதல் இசைத்தட்டு. 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறைக்குள் போய்க் கைதிகள் முன்னால் அவர் பாடிய பாட்டுகள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன. பெரிய குற்றம் சுமந்தவர்கள் நடுவே அவர் அவ்வளவு இயல்பாக நின்றதற்கு அந்தச் சனிக்கிழமைத் தூண்டிலும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

பாட்டு அவரைக் குணப்படுத்திவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பல வருஷம் மாத்திரைப் பழக்கத்தில் சீரழிந்தார், முதல் குடும்பம் உடைந்தது. ஆனால் ஜாக்கை அவர் தொலைக்கவில்லை. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால் ஜாக் என்ன செய்திருப்பான் என்றுதான் யோசிப்பாராம். கனவில் வரும் ஜாக்குக்கும் கூடவே வயதாகிக்கொண்டு வந்தது. கடைசிக் காலக் கனவுகளில் அண்ணனுக்கு வெள்ளைத் தாடி.

துக்க வீட்டில் சங்கீதம் கூடாது என்கிறார்களே, நம் இழவு வீடு என்றைக்கு அம்மா மௌனமாக இருந்தது? வாசலில் பறை, சங்கு, சேகண்டி. உள்ளே பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்கிறார்கள். 'நான் அன்றைக்கு உன்னைப் போகவிட்டிருக்கக் கூடாதே' என்ற குற்ற உணர்ச்சி ஒப்பாரிக்குள் ராகத்தோடு எத்தனை தடவை வந்து போகிறது! பாடிப் பாடித்தான் அதைப் பெண்கள் வெளியே கொட்டுகிறார்கள். பஞ்சாபிலும் இதே முறைதான். அங்கே அதற்கு அலாஹுணி என்று பெயர். அந்த வடிவத்தைக் குருநானக்கே எடுத்தாண்டிருக்கிறார். 2020 டிசம்பரில், விவசாயிகள் போராட்டத்தின்போது, அதே பஞ்சாபிலிருந்து, கடனால் தற்கொலை செய்துகொண்டவர்களின் மனைவியரும் தாய்மாரும் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நம் தில்லியின் டிக்ரி எல்லையில் வந்து உட்கார்ந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படங்களில் இருந்தவர்களின் மகன்கள் எங்கே அழுதிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். இழவு வீட்டில் பையன்களின் இடம் எது? பந்தல்காரருக்குச் சொல்லிவிடுவது, டீ வாங்கி வருவது, வந்தவர்களுக்கு நாற்காலி போடுவது. 'ஆம்பளைப் புள்ள அழக்கூடாது, அம்மாவைத் தேத்து' என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறோம். கபிலருக்கு இந்தத் தடை இருக்கவில்லை. பாரி இறந்த பிறகு பறம்பு மலையைத் திரும்பிப் பார்த்து அவர் அழுதவை கையறுநிலைப் பாடல்களாகப் புறநானூற்றில் இருக்கின்றன. கை அற்றுப்போன நிலை. உங்கள் பையனின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அவன் கையில் மிச்சமிருப்பது ஒரு குழல். அண்ணன் உயிரோடிருந்த கடைசி இரவின் சாமான் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

'உன் மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அவன் காதில் ஏறாது. அந்த ராத்திரி நானும்தானே அனுப்பிவைத்தேன் என்று நீங்களும் உள்ளுக்குள் வேகிறீர்கள், கடிதத்தின் கடைசி வரியில் அது தெரிகிறது. அதை அவனிடம் சொல்லலாம். ஒரே பாரத்தை இருவரும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.

அவன் சாப்பாட்டை விட்டாலோ, ராத்திரி தூங்காவிட்டாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னாலோ காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மற்றபடி, நாளைச் சாயங்காலம் அவன் மாடிக்குப் போனால், கொஞ்ச நேரம் கழித்து ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். குளிர் அதிகம். பக்கத்தில் உட்கார வேண்டாம், படிக்கட்டிலேயே உட்காரலாம். அவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்