இடைவெளி யாருக்காக?
தொழிற்சாலை ரிசீவரா, தனித் தயாரிப்பா? அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களின் தீராத வழக்கில் விலையை விடப் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஒரு ரைபிளை அக்கு அக்காகப் பிரித்து மேஜையில் பரப்பினால் அதில் எது துப்பாக்கி? குழலா, மரக்கட்டையா, விசையா? அமெரிக்கச் சட்டத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. வரிசை எண் பொறித்த, ஒரு சாண் நீள எஃகுக் கூடுதான் துப்பாக்கி. அதன் பெயர் ரிசீவர். 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குழலையும் கட்டையையும் தபாலிலேயே வரவழைத்துக்கொள்ளலாம். கடையில் ரிசீவர் வாங்குபவர் மட்டும் உரிமம் பெற்ற வியாபாரி முன் நின்று படிவம் நிரப்பியாக வேண்டும்.

சட்டம் மட்டுமல்ல, பொறியியலும் இதையே சொல்கிறது. குழல் ரிசீவரின் முன்பக்கத்தில் மரையிட்டு முடுக்கப்படுகிறது. போல்ட் எனப்படும் உருளை அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. போல்ட்டைத் திருப்பிப் பூட்டும்போது அதன் பற்கள் ரிசீவருக்குள் இருக்கும் தாங்குமுகத்தில் உட்காருகின்றன. வெடிக்கும் தோட்டாவின் அழுத்தம் முழுவதையும் ஏற்பது அந்தப் பற்கள்தான். குழல், போல்ட், ரிசீவர் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்து, இரண்டு பற்களும் சமமாகப் பதிந்தால் ஒவ்வொரு குண்டும் ஒரே விதமாகப் புறப்படும். ஒரு பல் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சுடும் கணத்தில் போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் கோணும். குண்டு போய்ச் சேரும் இடமும் மாறும்.

ஆகவே ரைபிளைத் தன் விருப்பப்படி கட்டிக்கொள்ள நினைக்கும் அமெரிக்கர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ரிசீவரைத்தான். ரெமிங்டன் போன்ற பெரிய தொழிற்சாலையின் சரக்கை வாங்குவதா? அல்லது டிஃபையன்ஸ், பேட், கெல்பிளி, ஸ்டில்லர் போன்ற சிறு பட்டறைகளின் தனித் தயாரிப்பைத் தேடுவதா? தனித் தயாரிப்பு ரிசீவரும் போல்ட்டும் மட்டுமே சுமார் 1,000 டாலரில் தொடங்கி அதற்கு மேலும் போகின்றன. அந்தப் பணத்துக்குள் கட்டை, குழல், விசையோடு முழு ரைபிளே தரும் தொழிற்சாலைகள் பல உண்டு.

இந்த விவாதத்தின் அளவுகோல் ரெமிங்டன் 700. 1962-ல் சந்தைக்கு வந்த இந்த ரைபிள் 50 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. வெற்றியின் ரகசியம் சிக்கனம். முந்தைய ரைபிள்களின் ரிசீவர்களைப் பெரிய எஃகுத் துண்டிலிருந்து குடைந்து செதுக்க வேண்டியிருந்தது. ரெமிங்டன் உருண்டையான ரிசீவருக்கு மாறியது. உருண்டையை லேத்தில் சீக்கிரம் கடையலாம். பின்னுதைப்பைத் தாங்கும் முனையைக்கூட ரிசீவரோடு சேர்த்துச் செதுக்காமல், குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வாஷர் போலச் செருகிவிட்டார்கள். இவ்வளவு சிக்கனத்திலும் ரைபிள் குறி தவறவில்லை. அமெரிக்க மரைன் படையும், பிறகு தரைப்படையும் தங்கள் குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்கு இதன் அடிப்படையிலேயே ரைபிள்கள் கட்டிக்கொடுத்தன.

ஆனால் லட்சக்கணக்கில் செய்யும்போது எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்துவிடாது. கடைந்த பிறகு எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும்போது அது சற்றே முறுக்கிக்கொள்ளும். மரை நடுக்கோட்டிலிருந்து விலகலாம். முகப்பு சரியான செங்குத்தாக இல்லாமல் போகலாம். எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குகள்தான். இதைச் சரிசெய்வதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. துப்பாக்கி மிஸ்திரி தொழிற்சாலை ரிசீவரை லேத்தில் ஏற்றி, மரையைப் புதிதாக வெட்டி, முகப்பைச் சீவி, பற்களைத் தேய்த்துப் பதிய வைப்பார். பல பத்தாண்டுகளுக்குப் போட்டிக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். கூலியைக் கூட்டிப் பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது. மலிவு விலையில் வாங்கிய ரிசீவர், நேர்படுத்தி முடிக்கையில் தனித் தயாரிப்பின் விலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. தொழிற்சாலைச் சரக்கு ஒன்றைப் போல ஒன்று இருக்கும், கைவேலை ஒவ்வொன்றும் தனியாக இருக்கும் என்பது பொதுவான நினைப்பு. ரிசீவர் உலகில் இன்று நிலைமை வேறு. சிறு பட்டறைகள் முன்கூட்டியே கடினப்படுத்திய எஃகைக் கணினி இயந்திரங்களில் வைத்து வெட்டுகின்றன. பிறகு சூடேற்றி முறுக்க விடுவதில்லை. இப்படி வரும் ரிசீவர்களில் சில ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகின்றன. அதனால் குழல் செய்பவர் வாடிக்கையாளரின் ரிசீவரைக் கண்ணால் பார்க்காமலே குழலைக் கடைந்து தபாலில் அனுப்பிவிடுகிறார். வாங்கியவர் வீட்டில் முடுக்கி, அளவுக்கட்டையால் சோதித்துக்கொள்கிறார். 2012-ல் தொடங்கிய பிரிசிஷன் ரைபிள் சீரிஸ் போன்ற போட்டிகளில் கலந்துகொள்பவருக்கு இது பெரிய வரம். ஓரிரு ஆயிரம் தோட்டாக்களில் குழல் தேய்ந்துபோகும் விளையாட்டு அது. ஒவ்வொரு முறையும் மிஸ்திரிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது.

அப்படியானால் பணம் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு தனித் தயாரிப்பை வாங்கிவிடலாமா? இரண்டு காரணங்களால் கூடாது.

முதலாவது, துல்லியத்தின் பெரும்பங்கு ரிசீவரிடம் இல்லை. அது நல்ல குழலிலும் நல்ல தோட்டாவிலும் இருக்கிறது. 100 கஜத்தில் ஒரு அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்ப்பது ஒரு காலத்தில் பெருமைக்குரிய விஷயம். ஃபின்லாந்தின் டிக்கா போன்ற தொழிற்சாலை ரைபிள்கள் இன்று பெட்டியிலிருந்து எடுத்தபடியே அதைச் செய்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை மான் வேட்டைக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. கால் அங்குலத்துக்கும் குறைவான வட்டத்தில் ஐந்து குண்டுகளைப் போடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளருக்குத்தான் மிச்சமுள்ள நூலிழை முக்கியம்.

இரண்டாவது காரணத்தை முதல் உலகப் போர் கனடாவுக்குக் கற்றுக்கொடுத்தது. சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்த ரைபிள் சுடுதளத்தில் நிகரற்றது. ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் அதற்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் அந்த ரைபிள் சேற்றைச் சந்தித்தது. இறுக்கமான அறை. அவசரத்தில் தயாரான, அளவு சற்றுப் பெருத்த பிரிட்டிஷ் தோட்டாக்கள். தொடர்ந்து சுட்டுச் சூடேறியதும் போல்ட் திறக்க மறுத்தது. வீரர்கள் அதைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பலர் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, இறந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் ராஸ் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது. ஒளிந்திருந்து, நிதானமாக, தேர்ந்தெடுத்த தோட்டாவால் சுடுபவர்கள் மட்டும் அதைக் கைவிடவில்லை. அவர்களுக்கு அந்த இறுக்கம் பலம். சேற்றில் கிடந்தவனுக்கு அதுவே எமன்.

லீ-என்ஃபீல்டிலோ, ஜெர்மனி 1898-ல் ஏற்றுக்கொண்ட மௌசரிலோ போல்ட்டை ஆட்டிப் பார்த்தால் லொடலொடக்கும். அது சோம்பேறித்தனம் அல்ல. மண்ணும் மசியும் போக விடப்பட்ட வழி. காட்டெருமையையோ கரடியையோ எதிர்கொள்ளப் போகும் வேட்டைக்காரர், தோட்டாவின் விளிம்பை விடாமல் கவ்விப் பிடிக்கும் மௌசரின் பெரிய கொக்கியை இன்றும் விரும்புவது இதே காரணத்தால்தான்.

எனவே எந்த ரிசீவரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. இதில் உள்ள இடைவெளி யாருக்காக விடப்பட்டது? சுடுபவருக்காகவா, கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்காகவா?

கணக்குப்பிள்ளை ஜெயித்த கதைகளும் உண்டு. 1936-ல் வந்த வின்செஸ்டர் 70 ரைபிளில் மௌசர் பாணிக் கொக்கி இருந்தது. 1964-ல் செலவைக் குறைக்க நிறுவனம் அதை எடுத்துவிட்டது. வாங்குவோர் மன்னிக்கவில்லை. ‘64-க்கு முந்தியது’ என்ற சொல்லுக்கே பழைய துப்பாக்கிச் சந்தையில் இன்றும் தனி விலை.

ரெமிங்டன் கதை இதைவிடக் கனமானது. குறை சொல்லப்பட்டது ரிசீவரை அல்ல, அதன் அடியில் பொருத்தியிருந்த விசை அமைப்பை. தொடாமலே சுட்டுவிடுகிறது என்று வழக்குகள் குவிந்தன. 2000-ல் மொன்டானா மாநிலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தில், தோட்டாவை எடுப்பதற்காகத் தாய் பாதுகாப்புத் தாழை விலக்கியபோது ரைபிள் வெடித்து, 9 வயது மகன் இறந்தான். விசையை வடிவமைத்த பொறியாளரே 1948-ல் ஒரு திருத்தத்தை முன்வைத்தார் என்றும், அதற்குத் துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் ஆகியிருக்கும் என்றும் 2010-ல் சி.என்.பி.சி. தொலைக்காட்சி சொன்னது. ரைபிளில் கோளாறு இல்லை என்பதே நிறுவனத்தின் வாதம். தவறை ஒப்புக்கொள்ளாமலே, விசைகளை இலவசமாக மாற்றித்தரும் சமரசத்துக்கு அது இறங்கி வந்தது. 2017-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-லும் 2020-லும் ரெமிங்டன் திவாலுக்கு மனுச் செய்தது. இன்று தனித் தயாரிப்பு ரிசீவர்களில் பல, ரெமிங்டன் 700-க்கான கட்டையிலும் விசையிலும் பொருந்தும்படி செய்யப்படுகின்றன. ரெமிங்டனின் அளவுகள் தங்கிவிட்டன. எந்த விசையைப் பூட்டுவது என்பதை மட்டும் வாங்குபவர் தீர்மானிக்கிறார்.

தொழிற்சாலை என்றாலே மட்டம் என்பதும் சரியல்ல. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் தொழிற்சாலையின் .22 ரைபிள்கள் பல தலைமுறைகளாக ஒலிம்பிக் தளங்களை ஆண்டவை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் பிரிவு இந்த வகை ரைபிள்களின் களம்தான். அங்கே தொழிற்சாலையே போட்டியாளரை மனத்தில் வைத்து இடைவெளியை அளக்கிறது.

இந்தியாவில் சாதாரண உரிமதாரருக்கு இந்தத் தேர்வே கிடையாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வகுத்த எல்லைக்குள், கிடைப்பதை வாங்க வேண்டியதுதான். பெரும்பாலும் அது அரசுத் தொழிற்சாலையின் .315 ரைபிள். ஆனால் இடைவெளி பற்றிய பாடம் இங்கும் படிக்கப்பட்டது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் லீ-என்ஃபீல்டை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியபோது, அதன் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வலுவான எஃகுக்கு மாறியது. லொடலொடப்பை விட்டுவைத்தார்கள், உயிரைக் காக்கும் இடத்தில் கைவைத்தார்கள். அதே லீ-என்ஃபீல்டின் .303 வடிவத்துக்கு உத்தரப் பிரதேச போலீஸ் விடைகொடுத்தது 2020-ல்தான்.

வாங்குபவருக்கான தீர்ப்பு எளிது. போட்டியில் இறங்குபவர், குழலை அடிக்கடி மாற்றுபவர் தனித் தயாரிப்புக்குப் போகலாம்; மலிவு ரிசீவரை வாங்கி மிஸ்திரிக்குக் கூலி அழுவதை விட அதுவே லாபம். வேட்டைக்காரர் நல்ல தொழிற்சாலை ரைபிளை வாங்கி, மிச்சப் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடலாம். இருவருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பற்றி விலைப்பட்டியல் விரிவாகப் பேசும். ஐந்தரை சென்ட் எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுப்பது நல்லது.