டிவிடெண்ட் யீல்டு என்பது வட்டி அல்ல

டிவிடெண்ட் யீல்டு 37 சதவீதம்! வங்கி டெபாசிட்டில் 7 சதவீதம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்புறம் என்ன யோசனை, பணத்தைப் போட வேண்டியதுதானே? 2023 மார்ச் கடைசியில் வேதாந்தா பங்கின் கணக்கைப் பார்த்த பலருக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும். ரிட்டயர்மெண்ட் பணத்தைப் பங்கில் போட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த ஒரு எண்ணைத்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு வருடத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டைப் பங்கின் இன்றைய விலையால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் யீல்டு. பி.காம் பரீட்சையில் இதற்கு இரண்டு மார்க். வேதாந்தா 2022-23 நிதியாண்டில் ஐந்து முறை இடைக்கால டிவிடெண்ட் கொடுத்தது: 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. மொத்தம் 101.50 ரூபாய். அந்த மார்ச் கடைசியில் பங்கின் விலை சுமார் 275 ரூபாய். வகுத்தால் ஏறக்குறைய 37 சதவீதம்.

(செய்திகளில் "2050 சதவீத டிவிடெண்ட்" என்று வந்தால் மயங்க வேண்டாம். அது முகமதிப்பின் மேல் போட்ட கணக்கு. இந்தப் பங்கின் முகமதிப்பு 1 ரூபாய். எனவே 2050 சதவீதம் என்றால் 20.50 ரூபாய், அவ்வளவுதான்.)

கணக்கில் தப்பில்லை. ஆனால் டிவிடெண்ட் போன வருடத்தது, விலை இன்றையது. இன்று வாங்குகிறவருக்குப் போன வருட டிவிடெண்டில் ஒரு பைசாகூட வராது. இன்னொன்று, விலை விழுந்தாலும் யீல்டு ஏறும். 2022 மார்ச் கடைசியில் இதே பங்கு சுமார் 400 ரூபாய். அப்போது வாங்கியவர் ஒரு வருடத்தில் 101.50 ரூபாய் பெற்றார். பங்கோ 275-க்கு இறங்கிவிட்டது. இரண்டையும் கூட்டினால் 376.50. போட்டதைவிடக் குறைவு! டிவிடெண்ட் கம்பெனியின் கஜானாவிலிருந்து போகிற பணம். அதனால்தான் எக்ஸ்-டேட் அன்று பங்கு ஏறக்குறைய அந்த அளவு இறங்கியே தொடங்குகிறது. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு வரியும் வாங்குகிறவர் தலையில்தான்.

அடுத்து, இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அந்த வருடம் ஒரு பங்குக்கு வந்த லாபம் 28 ரூபாய் சொச்சம். கொடுத்தது அதைப்போல மூன்றரை மடங்கு. முன்பு சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் இப்படிக் கொடுக்க முடியும். யாருக்குப் போனது? அப்போது சுமார் 70 சதவீதப் பங்கு தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் தரப்பிடம் இருந்தது. அந்தத் தாய் நிறுவனத்துக்கோ பெரிய கடன். பந்தி யாருக்காகப் போடப்பட்டது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். சிறு முதலீட்டாளருக்கும் கூடவே ஓர் இலை விழுந்தது.

2023-24-ல் டிவிடெண்ட் 29.50 ரூபாய். 2024-25-ல் 43.50. 275-க்கு வாங்கியவருக்கு முதல் வருடம் 10.7 சதவீதம், மோசமில்லை. 2024-ல் விலையும் ஏறியதால் பொறுமையாக இருந்தவர் லாபம் பார்த்தார். ஆனால் 37 சதவீதத்தை நம்பி வீட்டுச் செலவுக்குத் திட்டம் போட்டவர் என்ன செய்வார்?

அப்படியானால் நீண்ட டிவிடெண்ட் வரலாறு உள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதுமா? அதுவும் போதாது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1938-க்குப் பிறகு எழுபது வருடம் டிவிடெண்டைக் குறைத்ததே இல்லை. 2009-ல் காலாண்டு டிவிடெண்ட் 31 சென்டிலிருந்து 10 ஆனது. பிறகு ஏறி, 2017-ல் 24-லிருந்து 12-க்கு வந்தது. 2018-ல் வெறும் 1 சென்ட் என்று அறிவித்தார்கள்.

ஆகவே யீல்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது. குறைந்தது ஐந்து வருட டிவிடெண்டையும், அதே வருடங்களில் ஒரு பங்குக்கு வந்த லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். கடன் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாமே ஆண்டறிக்கையில் இலவசமாகக் கிடைக்கிறது; அரை மணி நேர வேலை. டெபாசிட் வட்டி வங்கி எழுதிக் கொடுத்த வாக்கு. டிவிடெண்டோ ஒவ்வொரு முறையும் போர்டு புதிதாக எடுக்கிற முடிவு. அடுத்த முறை கொடுக்காமலும் போகலாம், கேட்க முடியாது.